நர்சம்மா எழுதிக்கொண்ட இரண்டு பிள்ளைகள்

பிள்ளை வேண்டும் என்று மதுரைக்குப் போன காசிராஜன், ஆறு மாதத்துக்கு நிரோத் போட வேண்டும் என்ற உத்தரவோடு போடிநாயக்கனூருக்குத் திரும்பி வந்தான். 1979-ஆம் வருடம், தை மாதக் கடைசி. அந்த உத்தரவை அவன் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் யார் நம்புவார்கள்? ஊர்ச் சுவரெல்லாம் சிவப்பு முக்கோணம் வரைந்து, பிள்ளை போதும் என்கிறவர்களுக்காக சர்க்கார் சும்மா கொடுக்கிற ஆணுறை அது.

காசிராஜனுக்கு அப்போது முப்பத்து நான்கு வயது. ஜீப் டிரைவர். இருட்டுப் பிரிவதற்குள் போடி ஸ்டாண்டில் தோட்ட வேலையாட்களை ஏற்றுவான். ஒன்பது பேர் வண்டியில் பதினெட்டுப் பேர். பதினேழு கொண்டை ஊசி வளைவும் ஏறி, போடிமெட்டு செக்போஸ்ட்டைத் தாண்டி, ஏலத்தோட்டம் தோட்டமாக இறக்கிவிடுவான். சாயங்காலம் அதே ஆட்களை அள்ளிக்கொண்டு இறங்குவான். மலைக்கு மேல் கடை கண்ணி குறைவு. அதனால் லயங்களில், தோட்டத்து வரிசை வீடுகளில், குடியிருக்கும் ஜனங்களுக்கு மருந்து, மண்ணெண்ணெய், கடிதாசி, பிள்ளைக்குச் சட்டை என்று எதுவானாலும் டிரைவர் கையில்தான் போகும், வரும். யாருக்கு என்ன வியாதி, யார் வீட்டில் என்ன சண்டை என்பதெல்லாம் ஒரு ஜீப் டிரைவருக்குத் தெரியும். அவன் வீட்டு விஷயமும் ஊருக்குத் தெரியும் என்பது இதன் மறுபக்கம்.

மனைவி சந்திரவல்லி ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பொறுக்கும் வேலைக்குப் போனாள். வெடித்தது ஒரு பக்கம், வெளுத்தது ஒரு பக்கம், பச்சை மாறாதது ஒரு பக்கம். கல்யாணமாகி எட்டு வருடம். கிட்டங்கியில் அவளோடு உட்காரும் முப்பது பெண்களில் வாரத்துக்கு ஒருத்தியாவது கேட்டுவிடுவாள்: "என்னாத்தா, விசேசம் ஏதும் இருக்கா?" அவள் குனிந்த தலை நிமிராமல், "இல்லக்கா" என்பாள். காசிராஜனை யாரும் கேட்டதில்லை. ஆண்களை அப்படிக் கேட்கும் வழக்கம் கிடையாது.

மதுரையில் பார்த்த டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயதிருக்கும். படபடவென்று பேசுவார். காசிராஜனுடைய விந்தைச் சோதித்துப் பார்த்து, எண்ணிக்கையிலும் ஓட்டத்திலும் குறையில்லை என்றார். பிறகு சந்திரவல்லியின் கருப்பை வாயிலிருந்து துளி நீரை எடுத்து, கண்ணாடித் தகட்டில் இரண்டையும் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். அவளுடைய ரத்தத்தையும் சென்னைக்கு அனுப்பினார். மூன்று வாரம் கழித்து முடிவு வந்ததும் இருவரையும் கூப்பிட்டு, இன்னொரு தகட்டை வைத்து, "நீங்களே பாருங்க" என்று காசிராஜனை மைக்ராஸ்கோப்பில் குனியச் சொன்னார்.

அவன் ஒற்றைக் கண்ணை இடுக்கிப் பார்த்தான். வாலோடு கூடிய புள்ளிகள். ஒன்றும் முன்னால் போகவில்லை. நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தன.

"என்ன தெரியுது?"

"சேத்துல மாட்டுன ஜீப்பு மாதிரி இருக்குங்க. வீலு சுத்துது, வண்டி நகரல."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதேதான். அம்மை குத்தினா உடம்பு என்ன செய்யுது? அம்மைக்கிருமியை எதிரின்னு அடையாளம் வச்சுக்கிட்டு, அடுத்த தடவை உள்ளே விடுறதில்ல. இவங்க உடம்பு உங்க அணுவை அப்படி அடையாளம் வச்சுக்கிட்டிருக்கு. ரத்தத்துல அதுக்கு எதிர்ப்பு இருக்கு."

சந்திரவல்லி நிமிர்ந்தாள். "அப்ப என் உடம்புதான் கொல்லுதா டாக்டர்?"

"கொலையும் இல்ல, குத்தமும் இல்லம்மா. காவலுக்கு நிக்கிறவன் ஆள் தெரியாம வீட்டுக்காரனையே வாசல்ல நிறுத்திட்டான். அவ்வளவுதான்."

ஆறு மாதம் அந்த அணு அவள் உடம்பில் படக்கூடாது. படாமலிருந்தால் எதிர்ப்பு மெல்ல மெல்லக் குறையலாம். பிறகு தேதி பார்த்துச் சில நாட்கள் மட்டும் நிரோத் இல்லாமல். ஆவணியில் வந்து காட்ட வேண்டும். சிலருக்குப் பலித்திருக்கிறது, உறுதி சொல்ல மாட்டேன் என்றார். எழுந்தபோது, "வீட்டுல கேட்டா வைத்தியம்னு தைரியமா சொல்லுங்க" என்றும் சொன்னார்.

திரும்பும் பஸ்சில் சந்திரவல்லி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தாள். அழுகிறாளா என்று காசிராஜன் எட்டிப் பார்க்கவில்லை. பார்க்காததற்குக் காரணம் இருந்தது. அவன் மனசுக்குள் அப்பாடா என்றிருந்தது. குறை என்னிடம் இல்லை. எட்டு வருடமாக நெஞ்சில் ஏற்றி வைத்திருந்த லோடை யாரோ இறக்கி, பக்கத்துச் சீட்டில் இருப்பவள் மடியில் வைத்துவிட்டார்கள். ஆண்டிபட்டிக் கணவாய் வருவதற்குள் அந்த நிம்மதியை நினைத்து அவனுக்கே கூச்சமாகிவிட்டது. ஆனாலும் நிம்மதி நிம்மதியாகவே இருந்தது.

இனி அந்தச் சாமானை வாங்க வேண்டும். போடியில் எந்தக் கடையில் போய் நின்றாலும், "என்னா காசிண்ணே, ஆருக்கு?" என்பார்கள். ஆஸ்பத்திரியில் கேட்டால் சாயங்காலத்துக்குள் ஸ்டாண்டுக்குச் செய்தி வந்துவிடும். ஆகவே மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், ஓர் எஸ்டேட் டிஸ்பென்சரிக்குப் போனான். அங்கே ஏலியாம்மா என்று ஒரு நர்ஸ். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவாள். லயத்து ஆட்களுக்கு மருந்து வாங்க அவன் அடிக்கடி அங்கே போவதுண்டு. அவளுக்கு அவன் 'டிரைவர்'. பேர் கேட்டதில்லை.

"தோட்ட வேலைக்கு வர்ற பிள்ள ஒண்ணு கேட்டுச்சு சிஸ்டர். அதுக்கு வர வெக்கமாம்" என்று தலையைச் சொறிந்தான்.

"அதினு எந்தா, நல்ல காரியம்தானே." அவள் பெரிய நோட்டை எடுத்து விரித்தாள். "பேரு பற."

பேர் எழுதுவார்கள் என்று அவன் நினைக்கவே இல்லை. பொய்ப் பேர் ஒன்று சட்டென்று வாய்க்கு வரவில்லை. வந்த பேர் ஒன்றுதான். "சந்திரவல்லி."

"ஊர்?"

"போடி. தினம் ஏறி எறங்குற ஆளு."

"எத்தனை குட்டிகள்?"

இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. பிள்ளை இல்லாதவளுக்கு எதுக்கய்யா இது என்று அவள் கேட்டால்? அவள் தலைக்கு மேலே சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது. மலையாள எழுத்து அவனுக்குப் புரியவில்லை, படம் புரிந்தது. அப்பா, அம்மா, கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன், ஒரு பெண்.

"ரெண்டு" என்றான்.

ஏலியாம்மா எழுதிக்கொண்டாள்.

மாதம் ஒருமுறை வாங்கி வந்து ஜீப்பில் டிரைவர் சீட்டுக்கு அடியில் ஸ்பேனர் பெட்டிக்குள் வைப்பான். மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி. அவனுடைய அம்மா கருப்பம்மாள் அந்த நாலு மாதமும் வெள்ளிக்கிழமை தவறாமல் விரதம் இருந்தாள். ஒரு வேளைச் சாப்பாடுதான். அவள் மயங்கி உட்காரும்போதெல்லாம் சந்திரவல்லி மோர் கலக்கிக் கொண்டுபோய்க் கொடுப்பாள். "ஒனக்காகத்தான் ஆத்தா இருக்கேன்" என்று வாங்கிக் குடிப்பாள் கிழவி. ஒருநாள் சந்திரவல்லி பொறுக்க முடியாமல், "அத்தகிட்ட வெவரத்தச் சொல்லிருவமா? பாவம், பட்டினி கெடக்காக" என்றாள்.

"ஆறு மாசந்தான? முடியட்டும்" என்றான் காசிராஜன். முடிந்து, வயிற்றில் ஒன்று தங்கிவிட்டால் சொல்லவே வேண்டியிருக்காது என்பது அவன் கணக்கு.

ஆனி மாதம் எஸ்டேட்டில் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் கேம்ப் என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு நர்சும் இத்தனை பேரைக் கூட்டி வர வேண்டும். ஏலியாம்மா நோட்டைப் புரட்டினாள். சந்திரவல்லி, போடி, குழந்தைகள் இரண்டு, ஐந்தாவது மாதமாகத் தவறாமல் வாங்குகிறவள். இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா? டிரைவரிடம் கேட்டாள். "அது இப்ப மலைக்கு வர்றதில்ல சிஸ்டர். கீழ ஏலக்காய்க் கிட்டங்கிக்குப் போகுது" என்று தட்டிக்கழித்தான். தட்டிக்கழித்ததாக அவன் நினைத்தான். உண்மையில் விலாசம் கொடுத்திருந்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏலியாம்மா சாமான் வாங்கப் போடிக்கு இறங்கினாள். கிட்டங்கித் தெருவில் குழாயடியில் நின்ற பெண்களிடம் கேட்டாள். "ஏலக்காய்ச் சோலிக்குப் போற சந்திரவல்லியா? நம்ம கருப்பம்மா மருமகதான்" என்று குடத்தைக் கீழே வைத்துவிட்டு நாலு பேர் வழிகாட்ட வந்தார்கள்.

அப்புறம் நடந்ததைக் காசிராஜன் பல பேர் வாயால் கேட்டுத் தெரிந்துகொண்டான். நர்சம்மா வாசலில் நின்று நல்லவிதமாகத்தான் பேசியிருக்கிறாள். "அம்மே, உங்க மருமகளுக்கு ரெண்டு குட்டி மதி, போதும். அஞ்சு மாசமா நிரோத் வாங்கறாள். எத்தனை நாள் இப்படி? ஆபரேஷன் செஞ்சா ஒரே நாளில தீர்ந்து."

கருப்பம்மாள் முதலில் வேறு வீடு என்றாள். பேரும் வேலையும் ஒத்துப்போனதும் உள்ளே திரும்பி, "ஏட்டி, வெளிய வா" என்றாள். சந்திரவல்லி வந்து நின்றாள். அவளுக்கு எல்லாம் ஒரு நொடியில் விளங்கிவிட்டது என்றும், அவள் வாயைத் திறக்காமல் தெருமுனையையே பார்த்தாள் என்றும் பிறகு சொன்னார்கள்.

"எங்கடி அந்த ரெண்டு பிள்ள? நான் பாக்காத ரெண்டு பிள்ள?"

நர்சம்மாவுக்கு ஏதோ தப்பு நடந்துவிட்டது புரிந்தது. "ஆளு மாறிப்போயி போல" என்று குடையை எடுத்தாள். கருப்பம்மாள் விடவில்லை. "நில்லு தாயி. ஆரு வந்து வாங்குனா? இவளா?"

"இல்ல. ஒரு ஜீப் டிரைவர் கையில கொடுத்துவிடுவேன்." சொல்லிவிட்டு மூணாறு பஸ்சைப் பிடிக்க ஓடிவிட்டாள்.

கால் மணி நேரத்தில் காசிராஜன் தெருவுக்குள் வந்தான். வீட்டு முன்னால் இருபது முப்பது பேர். அம்மா தலைவிரி கோலமாக நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தாள். சந்திரவல்லி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"வாடா அப்பு, வா. நான் வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம பட்டினி கெடந்து உருகுறேன். இவ அஞ்சு மாசமா நிரோத்து வாங்கி ஒன் வம்சத்துக்குப் பூட்டுப் போட்டுட்டாடா! எவனோ ஒரு டிரைவர் கொண்டாந்து குடுக்குறானாம். எந்த டிரைவர்னு கேளுடா. கேளு!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "மெட்டுல ஓடுற ஜீப்பு அம்பது. எதுன்னு கேப்பான்?" என்றது ஒரு குரல்.

சந்திரவல்லி அவனைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, கோபப்படவில்லை. பஸ்சுக்குக் காத்திருக்கிறவள் பஸ் வந்ததும் பார்ப்பது போலப் பார்த்தாள். அவ்வளவு நம்பிக்கை அந்தப் பார்வையில்.

நான்தான் அந்த டிரைவர் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? வளைவில் ஹாரன் அடிக்கிற நேரம். ஆனால் அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும், அதற்கு அடுத்தது வரும். பிள்ளை வேண்டும் என்று நிரோத் போட்டானாம் என்று போடி முழுக்கச் சிரிக்கும். அவன் அணு நடுங்கியதை மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை எந்த வார்த்தையில் சொல்வான்? முப்பது ஜோடிக் கண்கள். காசிராஜன் மனைவியைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"அப்படியா?"

முதல் தடவையாகக் கேள்விப்படுகிறவனைப் போல.

சந்திரவல்லி நிலையை விட்டுக் கையை எடுத்தாள். உள்ளே போய் இரண்டு சேலையைப் பையில் வைத்து எடுத்துக்கொண்டு, கூட்டத்தை விலக்கி நடந்தாள். பத்து மைலுக்குள்தான் ராசிங்காபுரம். அண்ணன் வேலுச்சாமி அங்கே விவசாயம் பார்த்தான். அவள் பஸ் ஸ்டாண்டுக்குப் போன அந்த நேரம் முழுக்க, காசிராஜன் காலையில்தான் கழுவிய ஜீப்பை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தான்.

ஸ்டாண்டில் அவனை யாரும் பழிக்கவில்லை. அதுதான் கொடுமை. ஏமாந்த புருஷன் என்று டீ வாங்கிக் கொடுத்தார்கள். பால்சாமி மட்டும், அவனும் டிரைவர்தான், ஒருநாள் தோளில் கை போட்டுக்கொண்டு, "விடு மாப்ளே. எந்தப் பயன்னு மட்டும் தெரியட்டும், பதினேழாவது வளைவுல வச்சுத் தள்ளி விட்டுர்றேன்" என்றான். காசிராஜன் அவன் கொடுத்த டீயைக் குடித்தான். தொண்டையில் இறங்கியது.

பத்து நாள் கழித்து டிஸ்பென்சரிப் பக்கம் லோடு இறக்க வேண்டியிருந்தது. ஏலியாம்மாவே ஓடி வந்தாள். "டிரைவரே, உங்க சந்திரவல்லியைத் தேடிப் போயி நான் ஒரு வீட்டுல கலகம் உண்டாக்கி. அந்த வீட்டுல குட்டியே இல்ல. பாவம் பெண்ணு, ஒரு வார்த்தை பேசல."

"அது எம்பொஞ்சாதி" என்றான் காசிராஜன்.

மழை பிடித்துக்கொண்டது. தகரக் கூரைக்குக் கீழே நின்று முழுவதையும் சொன்னான். மதுரை, மைக்ராஸ்கோப், ஆறு மாதம், படத்தில் பார்த்த இரண்டு பிள்ளைகள், அப்படியா.  கடைசியில், "அந்த வைத்தியம் நான் கேட்டிருக்கேன். பொய்யில்ல" என்றாள். அவனுக்கு மனசு லேசானது மாதிரி இருந்தது. உடனே அவள், "இது என்கிட்ட சொல்லி எந்தா பிரயோசனம்? நான் கேரளத்துக்காரி. உங்க தெருவுல நானா இருக்கேன்?" என்றாள்.

அதன் பிறகும் அவன் சொல்லவில்லை. இன்றைக்கு, நாளைக்கு என்று ஆடி போயிற்று. டாக்டரம்மா வரச் சொன்ன ஆவணியும் போயிற்று. ஒவ்வொரு நாளும் ஏறும்போது இறங்கியதும் சொல்லிவிடுவது என்று நினைப்பான். இறங்கும்போது நாளைக்கு என்று நினைப்பான். கருப்பம்மாள் வேறு பெண் பார்க்கட்டுமா என்று ஜாடையாகக் கேட்க ஆரம்பித்தாள். பொட்டிபுரத்தில் ஒரு வீடு என்றாள். அன்றுதான் அவன் வண்டியை ராசிங்காபுரத்துக்கு விட்டான்.

வேலுச்சாமி கயிற்றுக் கட்டிலில் இருந்து எழுந்திருக்கவில்லை. "வாங்க மாப்ளே" என்ற மரியாதை மட்டும் வந்தது. "களத்துல இருக்கா. போயிப் பேசுங்க. சத்தம் வந்துச்சுன்னா நான் வருவேன்."

சந்திரவல்லி களத்தில் கடலை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவனைக் கண்டும் கை நிற்கவில்லை. நல்ல காய் ஒரு பக்கம், சொத்தை ஒரு பக்கம்.

"தப்புப் பண்ணிட்டேன்" என்றான்.

"ம்."

"ஊரு சிரிக்கும்னு பயந்துட்டேன் வல்லி."

"ஊரு சிரிக்கத்தான் செஞ்சுச்சு. என்னப் பாத்து." ஒரு செடியை உதறினாள். "அது போகட்டும். ரெண்டு பிள்ளன்னு ஏன் சொன்னீங்க?"

அந்தக் கேள்வியை அவன் எதிர்பார்க்கவில்லை. "இல்லேன்னு சொல்ல வாய் வரல."

"எனக்கு வந்துச்சே" என்றாள். முதல் தடவையாகக் கை நின்றது. "எட்டு வருசமா கேட்டவுக எல்லாருக்கும் நாந்தான சொன்னேன்? கிட்டங்கில, குழாயடியில, கல்யாண வீட்டுல. ஒரு நா, ஒரே ஒரு ஆளுகிட்ட ஒங்களுக்குச் சொல்ல முடியல. அதுவும் நம்ம ஊருக்காரி கூட இல்ல."

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். ஒரு செடியை எடுத்து ஆயப் போனான். அவள் அதைப் பிடுங்கி வைத்தாள்.

"எங்கூட வா. ஆவணி போனா என்ன, தையில போயிக் காட்டுவோம்."

"ஆறு மாசம் ஒட்டாம இருந்தா ஒடம்பு மறந்துருமாம்ல, டாக்டரம்மா சொன்னாக. இங்கன வந்து நாலு மாசமாச்சு. எனக்கு அந்த 'அப்படியா' மறக்கல. என்னிய எங்க வச்சுக் கேட்டாகளோ அங்க வச்சுப் பதில் சொல்லுங்க. அப்பறம் வர்றதப் பத்தி நான் யோசிக்கிறேன். இப்ப வெரசா போங்க, அண்ணன் பாத்துக்கிட்டே இருக்கு."

மறுநாள் காலை காசிராஜன் ஸ்டாண்டுக்குப் போகவில்லை. அதிகாலை ட்ரிப்பை பால்சாமியிடம் விட்டுவிட்டு, குழாயில் தண்ணீர் வருகிற நேரம் வரைக்கும் காத்திருந்தான். அன்று நின்றவர்களில் முக்கால்வாசிப் பேர் குடத்தோடு இருந்தார்கள். அம்மா வரிசையில் மூன்றாவது ஆள்.

"அம்மா, அன்னைக்கு எந்த டிரைவர்னு கேட்டீல்ல? நாந்தான்."

குடம் நிரம்பி வழிந்தது. யாரும் எடுக்கவில்லை. அவன் நிறுத்தாமல் பேசினான். நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று அவனுக்குத் தெரியும். டாக்டர் சொன்னது, தகட்டில் பார்த்தது, ஆறு மாதம், பொய்யாக எழுத வைத்த இரண்டு பிள்ளைகள். சொல்லி முடித்ததும் வரிசையின் கடைசியில் நின்ற மொக்கம்மாள்தான் முதலில் வாய் திறந்தாள். "பிள்ள வேணும்னா நிரோத்து? அடக் கூத்தே! மழ வேணும்னு கொட பிடிச்ச மாதிரில இருக்கு?"

தெரு சிரித்தது. அவன் பயந்த சிரிப்பு அதுதான். வந்தது, அடித்தது, போயிற்று. அன்றிலிருந்து அவனுக்கு 'கொட டிரைவர்' என்று பேர் வந்தது. கடைசிவரை நிலைத்தது.

கருப்பம்மாள் சிரிக்கவில்லை. குடத்தை அப்படியே விட்டுவிட்டு அவன் முன்னால் வந்தாள். "அப்ப என்னியப் பேச விட்டு வேடிக்க பாத்தியாடா? அந்தப் பிள்ளய நடுத்தெருவுல வச்சு என் வாயால... எம்புட்டுப் பேச்சுப் பேசுனேன்! நீ கேட்டுக்கிட்டு நின்ன." அடிக்கக் கையை ஓங்கி, அடிக்காமல் இறக்கினாள். அன்றைக்கே மத்தியானம் தனியாகப் பஸ் ஏறி ராசிங்காபுரம் போனாள். ஜீப்பில் கொண்டுபோய் விடுகிறேன் என்றவனிடம், "ஒன் வண்டியில ஏற எனக்குக் கூசுது" என்றாள்.

அங்கே மாமியாரும் மருமகளும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று காசிராஜனுக்குக் கடைசிவரை தெரியாது. மூன்றாம் நாள் இருவரும் சேர்ந்து வந்து இறங்கினார்கள். செய்ய வேண்டியதில் பாதியைத்தான் அவன் செய்தான். மீதியை அம்மா செய்துவிட்டாள் என்ற உறுத்தல் அவனுக்குள் தங்கியது.

மறு தையில் மதுரைக்குப் போய் ஆறு மாதக் கணக்கை முதலிலிருந்து தொடங்கினார்கள். இந்தத் தடவை பாக்கெட் அடுப்படி அலமாரியில், சீரக டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. ஆறு மாதம் முடிந்தது. தேதி பார்த்த நாட்களும் போயின. ஒன்றும் தங்கவில்லை. எண்பத்திரண்டில் டாக்டரம்மா ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துப் பார்த்தார். சந்திரவல்லிக்கு முகம் உப்பி வீங்கியது, வாந்தி நிற்கவில்லை. கருப்பம்மாள் மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிச் சாக்கடையில் வீசினாள். "பிள்ள இல்லாட்டிப் போகுது. இருக்கிற பிள்ளயக் கொல்லாதீக" என்றாள். எண்பத்தைந்தில் அவளும் போய்ச் சேர்ந்தாள்.

எண்பத்தேழில், மதுரையில் புதிதாக ஓர் ஆஸ்பத்திரி வந்திருக்கிறது, அங்கே வேறு முறை இருக்கிறது என்று கேள்விப்பட்டு இருவரும் போனார்கள். ஹால் நிறையக் கூட்டம். மேசையில் இருந்த பெண் பாரத்தை வைத்துக்கொண்டு, இரைச்சலுக்கு மேல் கத்திக் கேட்டாள். பேர், வயது, ஊர். பிறகு, "எத்தனை குழந்தைங்க?"

சந்திரவல்லி வழக்கம் போல வாயெடுத்தாள். அதற்குள் காசிராஜன், "இல்லம்மா. ஒண்ணும் இல்ல" என்றான். ஹால் முழுக்கக் கேட்டது.

இளம் டாக்டர் பழைய காகிதங்களை எல்லாம் புரட்டிப் பார்த்தார். அணுவைக் கழுவிச் சுத்தம் செய்து, கருப்பை வாயைத் தாண்டி நேராக உள்ளே வைக்கலாம், ஆனால் அம்மாவுக்கு வயது முப்பத்தாறு, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். ஒரு தாளில் விரலை வைத்து, "நிரோத் போடச் சொன்னாங்களா? அது அப்போ எல்லாரும் செஞ்சதுதான். இப்போ பெருசா யாரும் நம்புறதில்ல. அதனால பலன் உண்டுன்னு நிரூபணம் இல்ல" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

பஸ் உசிலம்பட்டியைத் தாண்டியது. பிறகு சந்திரவல்லி, "அப்ப அந்த ஆறு மாசம் சும்மாவா?" என்றாள்.

"சும்மாதான் போல."

"அத்த பட்டினி கெடந்தது. நான் ராசிங்காபுரத்துல நாலு மாசம் கெடந்தது. அம்புட்டும்?"

டாக்டர்களுக்கே அப்போது தெரியவில்லை, நாம் என்ன செய்வது என்று சொல்லிவிடலாம். பாதி உண்மைதான் அது. சொல்வதற்கு வாய் தயாராகவே இருந்தது.

"ஆறு மாசம் வைத்தியத்தோட தப்பு" என்றான் காசிராஜன். "நாலு மாசம் வைத்தியமில்ல வல்லி. அது நான்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். எட்டு வருடத்துக்கு முன்னால் நிலையைப் பிடித்துக்கொண்டு பார்த்த பார்வை இல்லை அது. அந்த நம்பிக்கை திரும்பி வரவே இல்லை. வராது என்று அவனுக்கும் தெரியும்.

"தெரியும்" என்றாள். கணவாய்க்கு அப்பால் மேற்கே மலை கறுத்திருந்தது. "மழ வருது, அந்தப் பலகைய இறக்கி விடுங்க. மேலெல்லாம் தெறிக்கும்."

அவன் எழுந்து ஜன்னல் பலகையை இறக்கினான்.